தாளின் மற்றப் பக்கம்

1974 ஒக்டோபர் 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். வாழைக்கு இன்று இறைக்கத் தேவையில்லை.

சிறையிலிருந்து அவருடைய கடிதம், மூன்றாவது. தமிழ்க் கடிதத்தைத் தணிக்கை பார்த்து விட அங்கே ஆளில்லையாம், இரண்டு மாதம் கிடக்கும். ஆங்கிலமென்றால் பத்து நாள். அதனால் ஆங்கிலம். படிப்பிக்கிறவரைக் கட்டிய பலன். எனக்கு ஓர் எழுத்தும் ஓடாது. அரசுக்கு எதிராகக் கறுப்புக்கொடி கட்டினார் என்று பிடித்த அன்றே பொலிசு அகராதியையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஏழு மாதம். வழக்கும் இல்லை.

மத்தியானம் கூட்டுறவுச் சங்கக்கடை. மனேச்சர் அண்ணைதான் வாசித்துச் சொல்பவர், மறுமொழி எழுதுபவரும் அவரே. சுகமாம். சாப்பாடு பரவாயில்லையாம். வாழை குலை தள்ளிவிட்டதா என்று கேள்வி. தாளைத் திருப்பவில்லை. போன இரண்டு தடவையும் அப்படித்தான்.

“மற்றப் பக்கம்?”

“அது உங்கடை சொந்த விசயம், தங்கச்சி. எனக்கு வாசிக்கக் கூச்சமாக் கிடக்கு.”

எனக்கு வெட்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை.

ஒக்டோபர் 9

சோறு அடிப்பிடித்தது, மூன்றாம் முறை. மணமே தெரியவில்லை. மாமி: “நீ சாப்பிட்டனியோ?” நினைவில்லை. நித்திரைக்கு டிஸ்பென்சரியில் தந்த மருந்தும் முடிந்தது. முற்றத்தை இரண்டு தரம் கூட்டினேனாம். அவர் முகத்தை நினைத்துப் பார்த்தேன். சட்டைதான் வந்தது, நீலக் கோடு போட்டது.

ஒக்டோபர் 11, வெள்ளி

வெயில். கடிதத்தோடு திரும்பவும் போனேன்.

“கூச்சமெண்டாலும் வாசியுங்கோ, அண்ணை.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகும் துடைத்தார்.

கொஞ்சல் ஒன்றும் இல்லை. அவருக்கு நித்திரை இல்லையாம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் தன்னைத்தான் என்று விளங்குவதில்லையாம். கடிதத்தின் கடைசியில், “நீர் நித்திரை கொள்ளுறீரோ? மூண்டாந்தரம் கேக்கிறன். இதுக்கு மட்டும் ஏன் மறுமொழி இல்லை?”

அண்ணை தாளை மடித்துத் தந்தார். “சொன்னால் நீர் உடைஞ்சுபோவீர் எண்டு நினைச்சன், தங்கச்சி.”

நாங்கள் எழுதிய மறுமொழிகள்: வாழை. கிணற்றுத் தண்ணீர். மாடு கன்று போட்டது.

கோபம் வரும் என்று வாசலில் கொஞ்சம் நின்றேன். வரவில்லை. சீனி வாங்க மறந்து வந்துவிட்டேன்.

ஒக்டோபர் 12

மனேச்சர் அண்ணை சைக்கிளில் வந்தார், பேனையோடு. “மறுமொழி எழுதித் தாறன்.” வேண்டாம் என்றேன். தமிழில் போகட்டும், இரண்டு மாதம் கிடக்கட்டும். மாடு வேண்டாம், வாழை வேண்டாம். ஒரே வரி, என் கையால்:

இஞ்சாருங்கோ, நானும் நித்திரை கொள்ளுறேல்லை.