ஆறு பேரும் கூப்பிட்ட பெயர்

லா சப்பல், பாரிஸ்
19.11.2018

அன்புள்ள மகன் கிருஷிகனுக்கு,

நானும் அப்பாவும் தங்கச்சியும் இங்கே சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டுமென்று ரூ பஜோல் கோயில் பிள்ளையாரிடம் இன்றும் கேட்டேன், கோபத்தோடு கேட்டாலும் அவர் தருவார். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு, வேலையால் இன்னும் வரவில்லை. மிருணாளினி கணிதத்தில் நல்ல புள்ளி, தலைமயிரைத்தான் கட்டையாக வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள், அதற்கு அவளுக்கு வேறாக இருக்கிறது. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். நான் சத்தம் போட்டால் நீ உடனே பிரெஞ்சுக்கு மாறிவிடுவாய், எனக்கு அந்த மொழியில் பேப்பர் நிரப்ப வரும், கோபப்பட வராது.

நேற்று நீ சொன்னதை நினைக்க நினைக்கக் கோபம் ஆறவில்லை. மார்செய்யில் அந்தச் சாமான் தெப்போக் கிடங்கில் உன்னைப் பொறுப்பாளராக்கி, தலைமைத்துவம் படிப்பிக்க வகுப்புக்கு அனுப்பினார்களாம். அங்கே கிரேக்கத்துக் கப்பல் தலைவன் ஒருவனின் கதை சொன்னார்களாம். ஒடுங்கிய கடல், ஒரு பக்கம் கப்பலையே விழுங்கும் சுழி, மறுபக்கம் குகைக்குள் ஆறு தலைப் பூதம். பூதத்தின் பக்கம் போனால் ஆறு பேர் போவார்கள் என்று அவனுக்கு முன்பே தெரியும், சொன்னால் பயத்தில் துடுப்பை விட்டுவிடுவார்கள் என்று ஒருவருக்கும் சொல்லாமல் ஓட்டினான், மற்றவர்கள் தப்பினார்கள், இதுதான் அம்மா தலைமை என்று சிரித்தாய். பிறகுதான் மெல்ல விட்டாய், நத்தார் பண்டிகை முடிய உன் பிரிவில் ஆறு பேரை வேலையால் நிறுத்தப் போகிறார்கள், அதுவரை வாய் திறக்கக்கூடாது என்று மேலிடத்துக் கட்டளை, அதில் கலைமாறனும் ஒருவன், நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ என்று.

சொல்லிப்போடாதேங்கோவா? வன்னியிலிருந்து வந்த கலைமாறனை, விசா கிடைத்த கையோடு உன்னிடம் அனுப்பியது நான். மனைவியைக் கூப்பிட நிரந்தர வேலை காட்டவேண்டும் என்று அலைகிறவன். லா கூர்னெவ்வில் தவரத்தினம் அண்ணை தன் மொத்த வியாபாரக் கடைக்கு வேலைக்கு வரச்சொல்லி அவனைக் கேட்டபோது, உன்னிடம்தானே வந்து யோசனை கேட்டான்? எல்லாம் தெரிந்துகொண்டே, இஞ்சையே நில்லுங்கோ அண்ணை, ஒரு பிரச்சினையும் வராது என்றாயாம், அவனே எனக்குச் சொன்னான். மேலிடம் உன்னை வாய் மூடத்தான் சொன்னது. பொய் உன் சொந்தச் சரக்கு.

அந்தக் கதை எனக்கும் தெரியும், கெட்டிக்காரா. கம்பஸ் பட்டப்படிப்பை உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு முடித்தவள் நான். நீ பதினொரு வயதில் கொலேஜ் தொடங்கிய வருஷம் குசினி மேசையில் அகராதியும் கையுமாக இருந்து அதை உன்னோடு சேர்ந்து வாசித்தவளும் நான்தான். உன் வகுப்பில் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன், கேள். தப்பிய மற்றவர்களும் ஊர் போய்ச் சேரவில்லை. அவன் தனியேதான் போய் இறங்கினான், கப்பலும் இல்லை ஆட்களும் இல்லை, இவன் யாருக்குத் தலைவன்? இன்னொன்று, பூதம் தூக்கும்போது அந்த ஆறு பேரும் சாமியைக் கூப்பிடவில்லை, அவன் பெயரைச் சொல்லித்தான் கத்தினார்கள். அந்த இடம் வந்ததும் நீ புத்தகத்தை மூடிவிட்டுச் சோறும் வேண்டாம் என்று போய்ப் படுத்தாய். அந்தப் பிள்ளையை எங்கே விட்டாய்?

வேலை போய்விடும் என்று உனக்குப் பயம். எனக்கு உன்னைவிடப் பயம். போனால் வா, உன் கட்டிலில் தங்கச்சியின் சாமான்தான் கிடக்கிறது, தூக்கிப் போடலாம். தவரத்தினம் அண்ணையைக் கெஞ்சி ஞாயிறு வரைக்கும் அந்த வேலையை ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன், காரணம் சொல்லவில்லை. இந்தக் கடிதம் வியாழன் உன் கையில் இருக்கும். கலைமாறனுக்குச் சொல், மற்ற ஐந்து பேருக்கும் சொல், அவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது. ஞாயிறு கலைமாறன் வழக்கம்போல் எனக்குப் போன் எடுப்பான். அதற்குள் நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன், மறைத்தது யார் என்பதையும் சேர்த்து.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளையார் உனக்கு நல்ல புத்தியும் அதைச் செய்யத் துணிவும் தரட்டும்.

நேற்று நீ போனை வைத்த கையோடு கலைமாறன் எடுத்தான். மனைவிக்குக் குளிர் உடுப்பு என்ன அளவில் வாங்குவது அக்கா என்று கேட்டான். வேலையிடம் எப்படி என்றேன், வேறு என்ன கேட்க? கிருஷித் தம்பி இருக்குமட்டும் எனக்கென்ன பயம் என்றான்.

உன் பெயரைத்தான் சொன்னான், மகன்.

உன் அம்மா
யசோதினி