சிவப்புக் கம்பி

14.10.1973, ஞாயிறு

மழை விடவில்லை. எங்கள் வாசல் புல்லில் நிற்கும், உள்ளேயே சமைத்துத் தூங்கும் அந்தப் பழைய வீட்டு வேனுக்குள் குழந்தைத் துணிகள் காயாமல் தொங்குகின்றன. உர்சுலா ஜெர்மனியிலிருந்து தரைவழியாகவே இந்தியா வந்து, மெட்ராஸ் கப்பலில் வேனையும் ஏற்றிப் பினாங்கு வந்தவள். கணவன் விசா விஷயமாகக் கோலாலம்பூர் போயிருக்கிறான். துறைமுக ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் அப்பாதான், கைக்குழந்தையோடு எங்கே நிற்பாள் என்று இங்கே அழைத்து வந்தார்.

வேனில் ஓர் எலெக்ட்ரிக் ஹீட்டர் இருக்கிறது. அது வேலை செய்தால் துணி காய்ந்துவிடும். கப்பலில் எலி வயரின் நுனியைக் கடித்துவிட்டதாம். அவர்கள் ஊர் ப்ளக் நம் சுவரில் நுழையவும் நுழையாது.

பக்கத்து வீட்டுச் சுப்பையா அண்ணன் வயரிங் வேலை செய்பவர். வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பினாங்குல ஹீட்டரா? நல்லா இருக்குலா! சரி, கொண்டா, பாக்குறேன்."

"வேணாம் சுப்பையா. யோகம் போடுவா. சயன்ஸ் படிக்கிறவ" என்றார் அப்பா. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

15.10, திங்கள்

அம்மாவின் வலது கை. நான் செய்ததுதான். இன்று எழுத முடியாது.

16.10, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும்.

எலி கடித்த நுனியை வெட்டிவிட்டு நம் மூன்று கால் ப்ளக்கை மாட்டினேன். உள்ளே மூன்று கம்பிகள் — சிவப்பு, கறுப்பு, சாம்பல். பாடத்தில் படித்தது: சிவப்பில் மின்சாரம் வரும், கறுப்பில் திரும்பும், பச்சை எர்த், தரைக்குப் போவது. இதில் பச்சை இல்லை. அப்படியென்றால் சாம்பல்தான் எர்த். எவ்வளவு எளிது என்று நினைத்தேன்! பக்கத்திலேயே நின்ற உர்சுலாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவேனே.

வீட்டிலிருந்து வயர் இழுத்துச் சுவிட்சைப் போட்டோம். சூடு வரவில்லை. "பழைய சாமான், நேரமெடுக்கும்" என்று இங்கிலீஷில் சொன்னேன், பெரிய டாக்டர் மாதிரி. உர்சுலா குழந்தையைக் குளிப்பாட்ட எங்கள் வீட்டுக்குள் போனாள். அம்மா துணிகளோடு வந்தாள். ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்றபடியே, வேன் கதவு வழியாகக் கையை நீட்டி ஹீட்டர் மேல் ஒரு துணியை விரிக்கப் போனாள்.

அந்தச் சத்தம்.

சுப்பையா அண்ணன் வேலி தாண்டி ஓடிவந்து மெயின் சுவிட்சை அடைத்தார். ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார்கள். உள்ளங்கை வெந்துவிட்டது. உர்சுலா அழுதாள். அவள் ஊர்ப் பழைய வயர்களில் சிவப்புதான் எர்த்தாம். ஹீட்டரின் இரும்புக் கூட்டோடு சேர்ந்த கம்பி. நான் அதில் மின்சாரத்தை விட்டிருக்கிறேன்.

17.10, புதன்

அப்பாவின் கோயில் சிநேகிதர் அப்புத்துரை மாமா அம்மாவைப் பார்க்க வந்தார்.

"யார் வயர் மாட்டினது?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "பக்கத்து வீட்டுச் சுப்பையாதான்" என்றார்.

"அதானே. இந்தக் கூலி ஆளுங்கள நம்பிக் குடுத்தா இப்படித்தான்."

நான் பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் சுப்பையா அண்ணன் மனைவி நல்லம்மாள் அக்கா வந்தார். அம்மாவுக்குக் கை முடியாதே என்று எங்கள் தீபாவளி முறுக்கை அவரே பிழிந்து சுட்டுக் கொடுத்தார். நான் எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

19.10, வெள்ளி

மாமா தன் வீட்டு வயரிங் வேலையைச் சுப்பையா அண்ணனுக்குத் தருவதாக இருந்தார். இனி வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அண்ணன் வேலியோரம் நின்று கேட்டார்: "ஏன் யோகம், அந்தச் சிவப்பு வயர மாட்டினது நானாமே? எனக்கே தெரியாமப் போச்சுலா."

"ஸ்கூலுக்கு நேரமாச்சுண்ணே" என்று ஓடிவந்துவிட்டேன். அப்போது மாலை ஐந்து மணி.

ஏன் வாய் வரல? அப்பா பொய்யராயிடுவாருன்னா? இல்ல. நான் முட்டாளாயிடுவேன்னு. அதான் நிஜம்.

20.10, சனி

சைக்கிளில் மாமா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொல்லிவிட்டேன். "நான்தான் மாமா மாட்டினேன். சுப்பையா அண்ணன் அதைத் தொடவே இல்லை."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "நீ வந்தது அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"வேலைய வேற ஆளுக்குக் குடுத்தாச்சேம்மா." உள்ளே சுவரில் துளை போடும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்து அண்ணனிடமும் சொன்னேன். "போன வேலை போனதுதான்" என்றார். போகத் திரும்பியவர் நின்று, "அங்கேயே போய்ச் சொன்னியா? ம்." அவ்வளவுதான்.

21.10, ஞாயிறு

கணவன் வந்ததும் உர்சுலா கிளம்பிவிட்டாள். ப்ளக்கை அவனே மாற்றினான். மாமா அப்பாவிடம் பேசியிருக்க வேண்டும். அப்பா என்னோடு பேசவில்லை.

23.10, செவ்வாய்

தீபாவளித் துணி தேய்க்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியின் ப்ளக் உடைந்துவிட்டது. "கடையில குடுத்துடுவோம்" என்றார் அப்பா, பேப்பரைப் பார்த்தபடி.

அம்மா இடது கையால் அதைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள். "யோகம் போடட்டும்."

சிவப்பு, கறுப்பு, பச்சை. நம் ஊர் வயர்தான். ஆனாலும் மாட்டி முடித்ததும் வேலியோரம் போய், அப்பா காதில் விழும்படியே கூப்பிட்டேன். "அண்ணே, எனக்குப் பயமா இருக்கு. டெஸ்டர் எடுத்திட்டு வந்து பாருங்க."

வந்தார். அப்பா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணன் உட்காரவில்லை. பெட்டியில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றார்.

"இப்பத் தொடலாமா?" என்றாள் அம்மா.

அப்போதுதான் கவனித்தேன். வீட்டுக்குள் ஒருநாளும் செருப்புப் போடாதவள், அப்பாவின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.