நீலக் கழுத்து இல்லாத ஓணான்கள்

அப்பா,

இன்று காலை சியாகுல்லித் தோட்டத்து மதிலில் என் ஆய்வுக்காக ஒரு பச்சை ஓணானைச் சுருக்குப் போட்டுப் பிடித்தேன். கடுவன். கழுத்து முழுக்க நீலம். இணைசேரும் காலத்தில் ஆண் ஹோர்மோன் ஏறினால் வரும் நிறம். விரலைக் கடித்துவிட்டது. "படிச்சு முடிச்சு ஓணான் பிடிக்கிறாய், வெக்கமில்லையோ?" என்று நீங்கள் பின்னால் நின்று கேட்பது போலிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. களைப்பு.

உங்கள் புரஸ்டேட் புற்றுநோய்க்கு இந்த நாட்டு டொக்டர் ஊசி சொன்ன அன்று மொழிபெயர்க்க வந்தவன் நான். ஆண் ஹோர்மோனை ஊசி நிறுத்தும், அது இல்லாவிட்டால் புற்று பட்டினி கிடக்கும் என்றேன்.

"என்னை நலமடிக்கப் போறாங்களோ? மாட்டுக்கு விதை எடுக்கிற வேலையை?" என்று எழுந்துவிட்டீர்கள். எங்கள் வீடு இருக்கும் சீசாப் பகுதியில் பஸ்ஸால் இறங்கும்வரை, "மாதா சுருவம் தூக்கிற தோளடா இது" என்ற ஒரே பேச்சு. பெருநாள் ஊர்வலத்தில் மாதா சிலையைச் சுமக்கும் ஆள் நீங்கள்.

எனக்குப் பொறுமை கிடையாது. விளக்கி அலுத்துப்போய், அடுத்த நாள் என் ஆய்வுகூடத்துக்கே இழுத்துக்கொண்டு போனேன். ஒரு கூண்டில் ஹோர்மோன் உள்ளவை: நீலம், சண்டை, அறுந்த வால். மற்றதில் விதை அகற்றியவை. கழுத்தில் நிறமில்லை, ஆனால் எங்களிடம் அவைதான் கூடுதலாக வளர்ந்திருந்தன. சண்டைக்குப் போகாத தீனி உடம்பில் சேர்ந்திருக்க வேண்டும். வெகுநேரம் குனிந்து பார்த்தீர்கள்.

"இது ஒழுங்காச் சாப்பிடுதோ?"

"ஓம்."

"சண்டையும் இல்லை?"

"இல்லை."

"அப்ப கொம்மாவுக்குச் சந்தோசம்தான்" என்றீர்கள், அம்மாவை நினைத்து.

அந்தக் கிழமையே ஊசி போட்டுக்கொண்டீர்கள்.

பிறகு, மாதவிடாய் நிற்கிற வயதில் பெண்களுக்கு வருவதுபோல, உடம்பு திடீர் திடீரெனக் கொதித்தது. பல்கனியில் போட்டிருந்த சேட்டைக் கழற்றிவிட்டு மட்டையால் விசுக்கிக்கொண்டிருப்பீர்கள். "இப்ப விளங்குதோ பொம்பிளையளின்ரை பாடு?" என்று அம்மா சிரித்தா. நீங்களும் சிரித்தீர்கள். பெருநாளில் சுருவம் தூக்கப் பலமில்லை. மெழுகுதிரியோடு பக்கத்தில் நடந்தீர்கள். பிறகு புற்று ஊசிக்கும் அடங்கவில்லை.

போன கிழமை நம் மாதா கோயில் ஆள் ஒருவர் அதே ஊசி வேண்டாமென்று கிளினிக்கில் அடம்பிடித்தார். அவரின் மனைவி மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டா.

"என்ரை அப்பாவும் போட்டவர்" என்றேன்.

"இப்ப எப்பிடி இருக்கிறார்?"

பொய் வரவில்லை. "இப்ப இல்லை. ஆனா அந்த ஊசியாலை ரெண்டு நத்தார்ப் பெருநாள் எங்களோடை இருந்தவர்."

அவர் ஊசிக்காகச் சேட்டுப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

இனியும் கூப்பிடுவார்கள், அப்பா. அலுப்பாகத்தான் இருக்கும், போவேன். சொல்ல என்னிடம் இருப்பது அந்த இரண்டு நத்தார்தான்.