கதையில் மரணித்த வாப்பா

அன்புள்ள வாப்பாவுக்கு, ஸலாம்.

அடுத்த மாதம் கம்பனி என்னைக் காத்தான்குடிக்கு அனுப்புவதாக ராத்தா சொல்லியிருப்பாள். அந்தப் பயணம் இல்லை.

பதினொரு வருடம் ஜெர்மனியில் உழைத்து, மங்கிய வெளிச்சத்திலும் முகத்தைத் தெளிவாகப் பிடிக்கும் கமெரா லென்ஸ் ஒன்றை உருவாக்கினேன். அதன் விளம்பரப் படத்துக்கு நம் வாவியைத் தேர்ந்தெடுத்தார்கள். கொழும்பிலிருந்து இயக்குநர் போன் எடுத்துக் கதை சொன்னார். அதில் நீங்கள் யுத்தத்தில் மரணித்த மீனவர். நான் உங்கள் தோணியில் உட்கார்ந்து அழ வேண்டும்.

“எங்கட வாப்பா உசிரோட துணிக்கடையில சாரன் விக்கிறாரு. எனக்குத் துடுப்புப் பிடிக்கவும் தெரியாது” என்றேன்.

“படத்துக்குத்தானே சேர்! ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாக் காணும்.”

“அப்ப உங்கட அப்பாவச் சாகடிங்க.”

எங்களைப் போன்றவன் கணக்குப் போட்டு லென்ஸ் செய்தான் என்றால் விற்காதாம், அழுதால்தான் விற்குமாம். படத்திலிருந்து என் பெயரை நீக்கிவிட்டார்கள். நீக்கட்டும். வேறு எவனாவது அழட்டும். அவன் நடிப்பையும் என் லென்ஸ் தெளிவாகவே காட்டும்.

கடையைப் பொறுப்பெடுக்காமல் போனவனோடு பேசமாட்டேன் என்றீர்கள். பேச வேண்டாம். நோன்புப் பெருநாளைக்கு என் சொந்த லீவில் வருகிறேன். கடைக்குள் ஏறி, உங்களுக்கு முன்னால் உட்காருவேன். முடிந்தால் எழுப்பிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்