சக்கரம் சுற்ற வேண்டும்

மார்ச் 4, செவ்வாய்
என் வீட்டுக்காரர் இறந்துபோய் மூன்று மாதம். இன்று அவருடைய கேமராவை எடுத்துக்கொண்டு பைக் பந்தயத் திடலுக்குப் போனேன். நான் எடுத்ததைப் பார்த்து மேனேஜர் சிரித்தார். "என்னம்மா இது, ஸ்டாண்டு போட்டு நிறுத்தின வண்டி மாதிரி இருக்கு? சக்கரம் சுத்துறது தெரிய வேணாமா?"
இருபத்து மூன்றாம் தேதி பந்தயம். அதற்குள் கற்றுக்கொண்டால், வளைவில் அவர் நின்று படம் எடுத்த இடம் எனக்கு. இல்லையென்றால் வேறு ஆள்.
அந்த இடத்தில் வேறு ஆளா?

மார்ச் 6
மகள் சொல்லித் தந்தாள். "கேமராவுல ஷட்டர் வேகத்தக் கொறச்சு வைம்மா. வண்டி கூடவே கேமராவையும் திருப்பு." படித்த பிள்ளை, சுலபமாகச் சொல்லிவிட்டாள். பஸ் நிறுத்தத்தில் நின்று எடுத்துப் பழகினேன். எல்லாம் கலங்கல். ஒரு டிரைவர் தலையை நீட்டினார்.
"அக்கா, எந்தப் பக்கம் பாத்து சிரிக்கணும்?"
"ரோட்டப் பாத்து ஓட்டுப்பா!"

மார்ச் 9
பட்டனை அமுக்கும்போது உடம்பு நின்றுவிடுகிறது. மூச்சும்தான். ஏன் என்று இன்றைக்குத்தான் புரிந்தது. பதினொரு வருடம் அவருக்குப் பக்கத்தில் குடை பிடித்தேன். "அசையாத" என்பார். அவர் அமுக்கினால் நான் சிலை. இப்போது நானே அமுக்கினாலும் சிலை!
பாவி மனுஷன், தான் மட்டும் இடுப்பத் திருப்பிக்கிட்டே இருந்திருக்காரு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?
அழுதேன். அப்புறம் போய் முப்பது பஸ் எடுத்தேன்.

மார்ச் 15
வாசலில் வாளித் தண்ணீரை வீசிக் கழுவினேன். தண்ணீர் போன பிறகும் கை அதே பக்கம் போகிறது. அட, இதுதானே! அமுக்கின பிறகும் நிற்காமல் திரும்ப வேண்டும். அப்படியே கேமராவோடு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். பஸ் தெளிவாக, பின்னால் சுவரெல்லாம் கோடு கோடாக. ஒரே ஒரு படம்தான். ஆனாலும் விழுந்துவிட்டது.

மார்ச் 16
இன்று ஒன்றுகூட இல்லை. நாளைக்கும் போவேன்.

மார்ச் 23
முதல் சுற்று முழுக்க வீண். வளைவில் நின்றதும் பழைய சிலை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று அவரிடம் வாய்விட்டே சொல்லிவிட்டேன். கொடி பிடித்திருந்தவர் பயந்து இரண்டடி நகர்ந்தார்.
இரண்டாம் சுற்றில் வண்டிகளோடு திரும்பினேன்.
மேனேஜர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஏழாம் நம்பர் வண்டியில் நிறுத்தி, "இது சுத்துது" என்றார்.

மார்ச் 30
ஏழாம் நம்பர் ஓட்டுகிற பெண் என்னைத் தேடி வந்தாள். "அக்கா, நான் மேட்டுலேந்து தாவுறப்போ கீழ படுத்து எடுப்பீங்களா?"
"என் மேல விழாம தாவுவியா?"
அவர் ஒருநாளும் படுத்து எடுத்ததில்லை, முட்டி வலி. நான் காலையிலிருந்து படுத்தே கிடந்தேன். இரண்டு தடவை அலசியும் சட்டையில் சேறு போகவில்லை. காய்ந்தால் நாளைக்கும் இதே சட்டைதான்.