குரங்கைத் தேடிப் போன பேரனுக்கு

என் பேரனுக்கு, உன் அப்பாவைப் பெற்றவள் ஆசியோடு எழுதுவது.

உன் அக்கா பல் டாக்டர் பரீட்சையில் தேறிவிட்டாள். முதல் வேலையாக என் வாய்க்குள் டார்ச் அடித்து, "மிச்சம் இருக்கிறதே நாலுதான் பாட்டி, அதையாவது சண்டை போடாம வச்சுக்கோ" என்றாள். சின்னவன் நீச்சலில் இரண்டாவது பரிசு. அத்தை மகள் பஸ் ஓட்டுகிறாள், அவ்வளவு பெரிய வண்டியை! நீயோ, எல்லோரும் கட்டுக்கதை என்று சிரிக்கும் பெரிய குரங்கைத் தேடக் காட்டுக்கே போனவன். அஞ்சாவதோடு நின்றவள் வீட்டில் இத்தனை பேர் என்று தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் உங்கள் முகாம் சமையல்காரர் போன் செய்தார். "தம்பி உள்ள போய்ப் பத்தொன்பது நாள் ஆச்சும்மா, தேடிக்கிட்டுதான் இருக்காங்க" என்றார். கடிதம் போட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். உன் கட்டில்மேல் வைப்பதாகச் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

உன் அம்மா காய் நறுக்கிக்கொண்டே இருக்கிறாள், அடுப்பைப் பற்றவைப்பதில்லை. எனக்கு அழுகை வரவில்லை. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்கிறேன்.

உன் போன கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். அந்தக் குரங்கு தரையில் இறங்காது, கிளை விட்டுக் கிளை போகும், அதனால் தடம் விழாது என்று எழுதியிருந்தாய். ஆள் அரவம் கேட்டால் ஓடாமல் மரத்தோடு ஒட்டிக்கொள்ளுமாம். இதைத் தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டுமா? மரக்கிடங்கு வேலைக்குப் போன காலத்தில் நானும் என் கூட்டாளியும் வெட்டப்போகும் மரங்களுக்குச் சுற்றளவு எடுப்போம். நாடாவின் நுனியை நான் பிடித்திருப்பேன், அவள் சுற்றி வருவாள். பெரிய மரமென்றால் பாதிச் சுற்றுக்கு ஆளே தெரியாது. நான் எட்டிப் பார்த்தால் வேண்டுமென்றே அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவாள். "எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்று கத்துவேன். மூச்சு விடமாட்டாள். உன் குரங்கும் ஆள் நகர நகர மரத்தைச் சுற்றித்தான் நகரும். ஒருவர் தேடினால் அகப்படாது. இரண்டு பக்கமும் சேர்ந்து வர வேண்டும்.

வன அதிகாரி போனில் வந்தபோது இதையே சொன்னேன். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு ஏதோ ஒரு மரத்தில் சத்தமில்லாமல் ஒட்டியிருப்பான், ரெண்டு ரெண்டு பேராகப் போங்கள் என்றேன். "சரிங்கம்மா, குறிச்சுக்கிட்டேன்" என்றார், மரியாதையான மனுஷன். அப்புறம் உன் அப்பா போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். "எவ்வளவு உயரத்துல இருந்து?" என்று கேட்டான். போனை வைத்ததும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

குரங்கு கிடைக்காவிட்டால் போகட்டும், யாரும் உன்னைக் கேலி செய்யமாட்டார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நூறு வயது இருக்க வேண்டும்.

'காணவில்லை' அறிவிப்பில் போட உன் படம் கேட்கிறார்கள். வீட்டில் பள்ளிக்கூடப் படம்தான் இருக்கிறது. தாடி இல்லாத முகம் உதவாதாம். இதைப் பார்த்ததும் நல்ல வெளிச்சத்தில் நின்று, முகம் தெரிகிற மாதிரி புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் போடு, கண்ணு.

உன் பாட்டி