சாப்பாட்டு அறைக்கு இன்னொரு கதவு

மார்ச் 3, செவ்வாய்

மானிய ஆய்வுக்கு அதிகாரி அம்மா வந்தார். பெண்கள் இல்லத்தைக் கட்டியது எங்கள் பிரார்த்தனைச் சங்கம். பாதிச் செலவு அரசாங்கத்துடையது. ரசீது கேட்பார் என்று ஃபைல்களை அடுக்கி வைத்திருந்தேன். அவரோ டேப்பை எடுத்துச் சுவரை அளந்தார். பிறகு என் விண்ணப்பத்தை நீட்டினார். ‘பிரார்த்தனை விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும்’ என்ற கட்டத்தில் நான்தான் டிக் போட்டிருந்தேன்.

“வேண்டாம்னு சொல்றவங்க எந்த வழியா சாப்பிடப் போவாங்க?”

எந்த வழியா? பிரார்த்தனைக் கூடத்தைத் தாண்டித்தான் சாப்பாட்டு அறை. ஏழுக்குப் பாட்டு, ஏழரைக்குச் சாப்பாடு. பதினோரு வருஷமாக வார்டனாக இருக்கிறேன், யாரையும் கையைப் பிடித்து இழுத்ததில்லை. புதிதாக வந்த கைக்குழந்தைக்காரி மட்டும் “எனக்கு வேண்டாம் மேடம்” என்று நடையில் நிற்கிறாள். முடிந்ததும் வந்து சாப்பிடுகிறாள். இதில் என்ன குறை கண்டார்கள்?

மார்ச் 5, வியாழன்

கடிதம் வந்துவிட்டது. ஆறு வாரத்தில் தனிக் கதவு, இல்லையென்றால் மானியம் நிறுத்தம். நின்றால் எட்டுப் படுக்கை போய்விடும். எந்த எட்டுப் பேரை வெளியே அனுப்புவது என்பதையும் அவர்களே எழுதியிருக்கலாம்! பிரார்த்தனைக் கூடத்துச் சுவரில் எழுதியிருக்கும் வாசகத்தை மறைக்க வேண்டுமா என்று அவர்கள் ஆபீஸுக்குப் போன் போட்டேன். ஒருவர் மறைக்கணும் என்றார், இன்னொருவர் தேவையில்லை என்றார், மூன்றாமவர் லீவு.

மார்ச் 9, திங்கள்

சங்கக் கூட்டம். தலைவர் மேசையைத் தட்டினார். “நாம கட்டின சுவரை உடைன்னு சொல்ல இவங்க யாரு? மானியமே வேண்டாம்னு எழுதிடுவோம்.”

எட்டுப் பேர் எங்கே போவார்கள் என்றேன்.

“கடவுள் வழி காட்டுவார்.”

ஒரு வழி காட்டத்தானேய்யா சர்க்காரும் கேக்குது! நாக்கு நுனி வரை வந்ததை முழுங்கிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

எழுதவே கூசுகிறது.

காலையில் கைக்குழந்தைக்காரி, “கதவு எப்ப மேடம் வரும்?” என்றாள். இவள்தான் புகார் எழுதியிருப்பாளோ என்று எனக்குள் எரிச்சல். மாலையில் பாட்டு முடிந்ததும் இன்னொன்று பாடச் சொன்னேன். அது முடிந்ததும் இன்னொன்று. வேண்டுமென்றேதான். நடையில் குழந்தை அழத் தொடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன் — பக்தியா அது? திறந்தபோது யாரும் பாடவில்லை. எல்லோரும் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

“எல்லாம் ஆறிப்போச்சு” என்றாள் சமையல்கார அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

கையைப் பிடித்து இழுத்ததில்லையாம். பசியைப் பிடிச்சு இழுத்தேனே, அதுக்கு என்ன பேரு?

மார்ச் 14, சனி

அவளிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை போனேன். வாய் வரவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

தலைவர் வீட்டுக்கே போனேன். கதவு போடாவிட்டால் வேலையை விடுகிறேன் என்றேன்.

“நீயுமா அவங்க பக்கம்?”

“இல்லைங்க, பிரார்த்தனை பக்கம்தான். சாப்பாட்டைக் காட்டித்தான் கூட்டம் சேருதுன்னா, அந்தக் கூட்டம் நமக்கு எதுக்கு?”

நான் செருப்பு மாட்டும்போது, “வாசகத்தை மட்டும் யாரும் தொடக் கூடாது” என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

நடையிலிருந்து நேராகச் சாப்பாட்டு அறைக்குக் கதவு. அதிகாரி அம்மா மறுபடி டேப்போடு வந்தார். சக்கர நாற்காலி போக இன்னும் இரண்டு விரல் அகலம் வேண்டுமாம்! மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். நானும்தான்.

ஏப்ரல் 13, திங்கள்

கதவு திறந்தாயிற்று. இனி ஏழு மணிக்கே சாப்பாடு. பழக்க தோஷம், பதினைந்து பாட்டுப் புத்தகங்களையும் எடுத்து வைத்தேன். வந்தது மூன்று பேர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே பேச்சும் தட்டுச் சத்தமும். பதினோரு வருஷம்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வழக்கமாகப் பாட்டை நான்தான் சொல்வேன். மூவரில் ஒருத்தி, தையல் வேலைக்குப் போகிறவள், “இன்னிக்கு நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள். நான்கு வருஷமாக இங்கே இருக்கிறாள். அவள் பாடி இன்றுதான் கேட்டேன்.

முடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். கைக்குழந்தைக்காரி சாப்பிட்டுக் கை கழுவியிருந்தாள். மேசையில் ஒரு தட்டு, மேலே இன்னொரு தட்டு கவிழ்த்து.

“நீங்க வர்றதுக்குள்ள ஆறிடும்னு மூடி வெச்சேன் மேடம்.”

திறந்தேன். ஆவி வந்தது. சாப்பிடாமல், முதலில் அந்த மன்னிப்பைக் கேட்டேன்.